கண்ணாடி அலுமாரியில் இருக்கும் வயலின் யாருடையது?

அடைவு என்ற சொல்லைக் கேட்டவுடன் எம்மவர் நெஞ்சில் தோன்றுவது தங்கம். பெரும்போகத்துக்கு விதைநெல்லும் உரமும் வாங்கக் கையில் காசில்லாத கமக்காரர், மனைவியின் காப்பை வாங்கித் துணியில் முடிந்துகொண்டு வங்கிப் படி ஏறுகிறார். விளைவு கைகூடினால் மீட்கிறார். மழை பிழைத்தால் வட்டியை மட்டும் கட்டித் தவணையை நீட்டுகிறார். அதுவும் இயலாதபோது நாளிதழின் உட்பக்கத்தில் வரும் ஏல அறிவித்தலில் தமது பற்றுச்சீட்டின் இலக்கம் இருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பார்க்கிறார். மாதச் சம்பளக்காரர் வீட்டிலும் கதை பெரிதாக வேறுபடுவதில்லை. ஆகவே அடைவு வைப்பவரின் மனம் எத்தகையது என்பதை எமது வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இன்று நாம் எழுத எடுத்துக்கொண்டது அந்த மேசையின் மறுபக்கத்தைப் பற்றி. மீட்கப்படாத பொருளை வாங்குபவரின் பக்கம் அது. எமது நாட்டில் இப்பக்கத்தைப் பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை. இங்கே அடைவு பெரும்பாலும் தங்கத்தோடு நின்றுவிடுகிறது. தங்கம் உருக்கினால் முகம் மாறிவிடும் பண்டம். ஆனால் இங்கிலாந்திலே கதை வேறு. எம்மவர் திரளாக வாழும் ஈஸ்ற்ஹாம், வெம்பிளி, ரூட்டிங் போன்ற இலண்டன் பகுதிகளின் கடைவீதிகளில் நடப்போர், பழைய பொருள் எடுத்துக் கடன் கொடுக்கும் கடைகளைக் காணாமல் போக முடியாது. சுவரிலே கிற்றார்கள் தொங்கும். கண்ணாடி அலுமாரியிலே கமராக்களும் வில்லைகளும் வரிசையாக இருக்கும். மூலையிலே ஒரு தொலைநோக்கி, ஒரு கட்டுத் தூண்டிற்கோல்கள், பெட்டி திறந்தபடி ஒரு வயலின். எல்லாம் ஒருவர் ஆசையோடு வாங்கிப் பழகிய பொருள்கள்.

விலையோ புதியதன் விலையிற் பாதிக்கும் கீழே இருப்பதுண்டு. 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்திற்குள் 350 ரூபாவைத் தாண்டியதையும், அதன் பின்னர் பிறநாட்டிலிருந்து வரும் ஒரு சங்கீதக் கருவியையோ கமராவையோ கொழும்பிலே விலை கேட்பதற்கே அஞ்ச வேண்டியிருந்ததையும் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். எனவே இலண்டனில் உள்ள மைத்துனருக்கோ மருமகனுக்கோ சொல்லி, 'பழையதானாலும் பரவாயில்லை, பிள்ளைக்கு ஒரு வயலின் எடுத்து வாருங்கள்' என்று கேட்கும் வழக்கம் பெருகியிருக்கிறது. அவர் எடுக்கப் போகும் இடங்களில் ஒன்று இந்தக் கண்ணாடி அலுமாரி.

'அடைவிலே போன பொருள் வீட்டுக்கு ஆகாது. மற்றவனுடைய வயிற்றெரிச்சல் அதில் ஒட்டிக்கொண்டு வரும்' என்று முதியோர் சிலர் சொல்வார்கள். இதனைக் குருட்டு நம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. நாம் அவ்வாறு தள்ள ஒருப்படவில்லை. அவர்கள் கேட்க விரும்பும் கேள்வி நியாயமானது: இந்தப் பொருளை இழந்தவனுக்கு உரியது அவனுக்குப் போய்ச் சேர்ந்ததா? இக்கேள்விக்குச் சாத்திரத்திலே விடை தேட வேண்டாம். சட்டத்திலே விடை இருக்கிறது. இல்லாத இடத்தில் இல்லை என்பதும் அங்கேதான் தெரிகிறது.

அடைவுத் தொழிலை ஏழைக்கு உதவும் அறமாகவே தொடங்கிய நாடுகள் உண்டு. இத்தாலியிலே பெரூஜியா நகரில் 1462 இல் பிரான்சிஸ்கன் துறவிகளின் முயற்சியால் எழுந்த அடைவு நிலையம், கடும் வட்டிக்காரரிடமிருந்து எளியோரைக் காப்பதற்கென்றே தோன்றியது. பாரிஸ் நகரில் 1777 இல் நிலைபெற்ற நிலையம் இன்றும் நகராட்சியின் நிறுவனமாக இயங்குகிறது. மீட்கப்படாத பொருளை ஏலத்தில் விற்று, கடனும் வட்டியும் செலவும் போக மிஞ்சியதை அடைவு வைத்தவருக்கே கொடுக்கிறது. பிரெஞ்சுக்காரர் இந்நிலையத்தைச் செல்லமாக 'என் மாமி' என்பர். ஆங்கிலேயருக்கோ அடைவுகாரர் 'மாமா'. உறவுமுறைகளுக்குப் பஞ்சமில்லாத எமது மொழியிலே அவருக்கு ஓர் உறவும் கொடாமல் நாம் விட்டிருப்பதன் காரணத்தை வாசகர்களே ஊகித்துக்கொள்ளட்டும்.

இங்கிலாந்தின் 1872 ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வகையில் கவனிக்கத்தக்கது. பத்துச் சிலிங்குக்கு மேற்பட்ட கடனுக்கு வைத்த பொருள் மீளாவிடின் அதனைப் பகிரங்க ஏலத்திலேயே விற்க வேண்டும்; பற்றுச்சீட்டு வைத்திருப்பவர் ஏலத்தின் பின் மூன்று ஆண்டுகளுக்குள் கணக்குப் புத்தகத்தைப் பார்வையிடலாம்; மிச்சத்தைக் கேட்டு வாங்கலாம். பத்துச் சிலிங்கும் அதற்குக் குறைந்ததுமான கடனாயின் பொருள் முழுவதும் அடைவுகாரருக்கே. ஏழையிலும் ஏழை வைத்த பொருள்தான் மிச்சமில்லாமற் போயிற்று என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

இன்று அந்நாட்டில் நடைமுறையில் உள்ளது 1974 ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம். அடைவு வைத்தவருக்கு மீட்பதற்குக் குறைந்தது ஆறு மாத காலம் உண்டு. கடன் 75 பவுணுக்கு மேற்படாதாயின், அக்காலம் கழிந்ததும் பொருள் அடைவுகாரரின் சொத்தாகிவிடும். 75 பவுணுக்கு மேற்பட்டதாயின் அவ்வாறு விழுங்க இயலாது. விற்க வேண்டும், மிச்சத்தைத் திருப்ப வேண்டும். விற்ற விலை குறைவென்று அடைவு வைத்தவர் முறையிட்டால், சந்தை விலை கிடைப்பதற்குத் தக்க கவனம் எடுத்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு விற்றவர் தலையிலேயே விழுகிறது. நல்ல சட்டம். பலவீனனுடைய வாயைப் பார்த்து 'நீ நிரூபி' என்று சொல்லாமல், பலசாலியைப் பார்த்துச் சொல்கிற சட்டம் என்பதனால் நாம் இதனை மெச்சுகிறோம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இவ்வளவும் இல்லை. தவணை தப்பினால் பொருள் கடைக்காரருடையது, கடன் தீர்ந்தது, கணக்கு முடிந்தது. மிச்சம் என்ற பேச்சே அங்கு எழுவதில்லை.

ஓர் உதாரணம் கொள்வோம். ஒருவர் தமது வயலினை வைத்து 100 பவுண் பெறுகிறார். ஆறு மாதத்தில் வட்டியும் செலவுமாக 50 பவுண் சேர்கிறது. மீட்க முடியவில்லை. கடை அதனை 240 பவுணுக்கு விற்கிறது. 150 போக 90 பவுண் அவருக்கு உரியது. அதே மனிதர் தமக்கு அவ்வளவு தேவையில்லை என்று எண்ணி 70 பவுண் மட்டும் வாங்கியிருந்தால்? வயலின் அதுவே, விற்ற விலையும் 240 பவுணே, ஆனால் அவருக்கு ஒரு சதமும் இல்லை. குறைவாகக் கேட்டவர் கூடுதலாக இழக்கிறார். 1872 இல் பத்துச் சிலிங்கில் இருந்த ஓட்டை இன்று 75 பவுணில் இருக்கிறது.

இந்த ஓட்டையைவிடப் பெரிய வாசல் ஒன்று வேறிடத்தில் திறந்து கிடக்கிறது. பழைய முறை அடைவுகாரர்கள் இன்று பெரும்பாலும் தங்கம், வைரம், உயர்ந்த கைக்கடிகாரம் ஆகியவற்றோடு நின்றுகொள்கிறார்கள். கிற்றாரும் கமராவும் போவது மற்றொரு வகைக் கடைக்கு. அங்கே அடைவு என்ற சொல்லே எழுவதில்லை. 'உமது கமராவை எமக்கு விற்றுவிடும். 28 நாளுக்குள் வந்தால் இன்ன விலைக்குத் திருப்பி வாங்கிக்கொள்ளும் உரிமை உமக்கு உண்டு' என்பதே ஒப்பந்தம். 100 பவுணுக்கு விற்றவர், 130 கொடுத்து மீளப் பெறலாம் என்று வைத்துக்கொள்வோம். பணமுடையில் வந்து, பொருளைக் கொடுத்து, காசு பெற்று, கூடுதலாகக் கட்டி மீட்கும் இச்செயல் அடைவு அன்றி வேறென்ன? ஆயினும் எழுத்திலே அது விற்பனை. ஆகையால் ஆறு மாதத் தவணை இல்லை, மிச்சமும் இல்லை, நிரூபிக்கும் பொறுப்பும் எவருக்கும் இல்லை. 29 ஆம் நாள் அக்கமரா 240 பவுண் விலைச்சீட்டோடு அலுமாரியில் ஏறும். இலாபம் முழுவதும் கடைக்கு.

இங்கேதான் எமது நிலைப்பாட்டைத் திட்டமாகக் கூற வேண்டியிருக்கிறது. பெயரை மாற்றினால் பொருள் மாறிவிடாது. தேவைக்குப் பணம் பெற்றுப் பின்னர் கூடுதலாகக் கொடுத்து மீட்கும் உரிமையோடு ஒருவர் பொருளைக் கையளித்தால் அது அடைவே. அடைவுக்குரிய காலமும் கணக்கும் மிச்சமும் அதற்கும் உண்டு என்று சட்டம் சொல்ல வேண்டும். இங்கிலாந்திலே வாக்குரிமை பெற்று, நகர சபைகளிலும் இடம்பெற்றிருக்கும் எம்மவர் இதனைத் தங்கள் தொகுதிப் பிரதிநிதிகளிடம் கேட்க முடியும். 'பழைய கிற்றாருக்கு ஒரு கிளர்ச்சியா' என்று நகைப்பவர்கள், புதிதாய் வந்த குடும்பத்தவர் முதல் நெருக்கடியிலே எதனை விற்கிறார் என்பதைப் பார்க்கட்டும். முதலில் போவது பொழுதுபோக்குக்கு வாங்கிய பொருள். பாட்டு நிற்கும், படம் பிடிப்பது நிற்கும். சோறு நிற்க அதன் பின்னும் சில மாதம் ஆகும்.

எமது நாட்டிலும் அடைவு பிடிப்போருக்கெனச் சட்டம் 1942 முதல் உண்டு. அனுமதிப் பத்திரமில்லாமல் அத்தொழில் நடத்தலாகாது. ஆயினும் 'விற்று மீள வாங்குதல்' என்ற உடை அணிந்து அத்தொழில் நாளை யாழ்ப்பாணத்துக் கடைவீதிக்கும் வரமாட்டாது என்று எவர் உறுதி சொல்வார்? கைத்தொலைபேசி விற்கும் கடைகள் எமது ஊர்களில் எத்தனை! சட்டத்தரணிகளாகிய எமது வாசகர்கள் இதனை இப்போதே சிந்தித்தல் நலம்.

அப்படியாயின் அந்த வயலினை வாங்கலாமா, விடலாமா? வாங்கலாம் என்பதே எமது கருத்து. வாங்குவோர் இல்லாவிட்டால் அடைவு வைத்தவருக்குக் கிடைப்பது கூடுவதில்லை, குறையும். கடைக்காரர் கொடுக்கும் கடன், தாம் எவ்வளவுக்கு விற்கலாம் என்ற கணக்கின் மீதே நிற்கிறது. பொருளைப் புறக்கணிப்பதால் இழந்தவருக்கு ஒன்றும் ஆகாது. எந்தக் கடையில், எந்த முறையில் வாங்குகிறோம் என்பதில் இருக்கிறது வேறுபாடு. முறையான அடைவு நிலையம் மீட்கப்படாத பொருளை விற்கும்போது, கடன் 75 பவுணுக்கு மேற்பட்டதாயின், நாம் கொடுக்கும் விலையின் ஒரு பகுதி முன்னைய உடைமையாளரிடம் போகும். அங்கே கடைசிச் சதம் வரை பேரம் பேசுபவர் கடைக்காரரோடு பேரம் பேசவில்லை. தாம் ஒருபோதும் காணாத ஓர் ஏழையோடு பேசுகிறார். விற்று மீள வாங்கும் கடையிலோ அத்தகைய தடை ஒன்றும் இல்லை. அங்கே வாசகர்கள் தங்கள் பேரம் பேசும் திறமை முழுவதையும் காட்டலாம். எந்தக் கடை எந்த வகை என்பதைக் கேட்டறிவது கடினமன்று. 'இது மீட்கப்படாத அடைவா, நீங்கள் விலைக்கு வாங்கியதா' என்று ஒரு கேள்வி போதும்.

வாங்கும்போது கண் விழிப்பாக இருக்க வேண்டும். வயலினின் உள்ளே துவாரத்தினூடாகப் பார்த்தால் ஸ்ரடிவாரியுஸ் என்ற பெயரும் 17 என்று தொடங்கும் ஆண்டும் அச்சிட்ட காகிதம் ஒன்று ஒட்டியிருக்கலாம். அதைக் கண்டு மயங்கியோர் உலகெங்கும் உளர். ஜெர்மனியின் மார்க்நொய்கிர்ச்சன், பிரான்சின் மிர்க்கூர் முதலிய ஊர்களில் ஆயிரமாயிரமாகச் செய்யப்பட்ட வயலின்களில் அக்காகிதம் ஒட்டப்பட்டது. 'ஜெர்மனி' என்ற சொல்லும் அதனடியில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டுமென்று 1890 ஆம் ஆண்டின் அமெரிக்கத் தீர்வைச் சட்டம் விதித்த பின்னரே அச்சொல் வழக்கில் வந்தது. ஆனால் அந்த வயலின்கள் கெட்டவை என்று யாரும் எண்ணிவிடலாகாது. பிள்ளை பழகுவதற்கு அவற்றிற் பல மிக நல்லவை. பார்க்க வேண்டியது காகிதத்தை அன்று, பலகையை. முன்பலகையிலே, குதிரை நிற்கும் இடத்தின் அருகே நரம்புவழி வெடிப்பு இருந்தால் விட்டுவிட வேண்டும். உள்ளே ஒலித்தூண் நிற்கும் அவ்விடத்தில் அழுத்தம் மிகுதி. திருத்தும் செலவு வயலினின் விலையையே மீறும். ஓரத்திலே பலகை சற்றுப் பிரிந்திருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அது மிருகப் பசையால் ஒட்டியது. எமது வெப்பத்திலும் ஈரத்திலும் விடும், கைதேர்ந்தவர் மீண்டும் ஒட்டிவிடுவார். மரம் வெடிப்பதைவிடப் பசை விடுவது மேல் என்றே பழைய தச்சர்கள் அப்பசையைத் தெரிந்தார்கள்.

கமராவுக்கு எமது நாட்டின் பகை பூஞ்சணம். ஈரக் காற்றில் இருந்த வில்லையின் உள்ளே அது சிலந்தி வலைபோற் படரும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. வில்லையைக் கழற்றி, துவாரத்தை முழுவதும் திறந்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். பூஞ்சணம் கண்ட வில்லை எவ்வளவு மலிவாயினும் வேண்டாம். வடபகுதிக்கு வந்ததும் அது தனக்குப் பிடித்த ஊர் வந்து சேர்ந்ததாகவே எண்ணிக்கொள்ளும். படச்சுருள் பயன்படுத்தும் பழைய கமராவாயின் ஒரு விநாடி வேகத்தில் வைத்து அழுத்திக் கேட்க வேண்டும். இழுபட்டு நின்றால் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கிறது. 1960 களிலும் 1970 களிலும் வந்த கமராக்கள் சிலவற்றின் ஒளிமானி பாதரச மின்கலத்துக்கென்றே அமைக்கப்பட்டது. அக்கலம் இப்போது விற்பனையில் இல்லை. வேறு கலம் இட்டால் ஒளிமானி பிழையாகக் காட்டக்கூடும்.

கிற்றாரைப் பற்றி ஒன்று மட்டும் கூறுவோம். தலைப்பகுதி கழுத்தோடு சேரும் இடத்தின் பின்புறத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். முறிந்து ஒட்டிய கிற்றார்கள் அடைவு கடைக்கு வருவது வழக்கம். வர்ணம் கண்ணை ஏமாற்றும், விரல் நுனியை ஏமாற்றுவது அரிது. தூண்டிற்கோலுக்கும் தொலைநோக்கிக்கும் எமக்கு அவ்வளவு பழக்கமில்லை; தெரிந்தவரைக் கூட்டிச் செல்வதே முறை.

இனி, வாசகர்கள் பயப்படக்கூடிய ஒன்று உண்டு. பொருள் களவாக இருந்தால்? திறந்த சந்தையிலே, சூரியன் உதித்து மறைவதற்குள், நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கே உரிமை என்ற பழைய விதி ஒன்று இங்கிலாந்தில் நூற்றாண்டுகளாக இருந்தது. அதனை 1994 ஆம் ஆண்டின் சட்டம் நீக்கிவிட்டது. இப்போது திருட்டுப் பொருளை அறியாமல் வாங்கினாலும் உரியவர் வந்து கேட்டால் கொடுக்க வேண்டியதே. கொடுத்த பணத்தை விற்ற கடையிடம் கேட்டுப் பெறலாம். அதனாற்றான் தெருவோரத்தில் முகவரியற்ற ஒருவரிடம் வாங்குவதைவிடக் கடையில் வாங்குவது பாதுகாப்பானது என்கிறோம். கடைக்கு முகவரி உண்டு. 2015 ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் பழைய பொருளுக்கும் பொருந்தும். வாங்கும்போது சொல்லாத குறை வெளிப்பட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். பழையது என்பதற்கேற்ற தேய்வு குறையாகாது. வேலை செய்யாமை குறையே. ஆனால் நேரிற் சென்று கலந்துகொள்ளக்கூடிய பகிரங்க ஏலத்திலே வாங்கிய பழைய பொருளுக்கு அப்பாதுகாப்பு இல்லை. ஏலத்தில் மலிவு, கடையில் காப்பு.

ஊருக்கு அனுப்புவதற்கென வாங்குவோருக்கு அந்த 30 நாள் மிகச் சிறிய காலம். பெட்டி கப்பலில் ஏறி, துறைமுகத்தில் கிடந்து, வீடு வந்து, பிள்ளை கையில் எடுத்துப் பார்க்கும்போது தவணை போய்விட்டிருக்கும். எனவே அங்கே வாங்குபவரே முதல் வாரத்துக்குள் வாசித்தோ, படம் பிடித்தோ பார்த்துவிட வேண்டும். தமக்கு வாசிக்கத் தெரியாவிடின் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோகட்டும். இலண்டனிலே எமது பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்குக் குறைவில்லை. விற்பனைச் சீட்டிலே பொருளின் பெயரோடு தொடர் இலக்கமும் எழுதுவிக்க வேண்டும். அச்சீட்டைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பாமல், வாங்கியவர் தம்மிடமே வைத்திருக்க வேண்டும். களவென்று எவரும் கேட்டு வந்தாலும், குறையென்று கடைக்குத் திரும்பிப் போனாலும் அச்சீட்டு வேண்டப்படும் இடம் இலண்டனே.